ஒன்றுமில்லை என்பதற்கு ஓர் அலறல்

திரையில் பிழை சொல்லும் சிவப்பு எழுத்துகள் ஓடினால் லோஜன் காலாட்டுவான். ஓடாவிட்டால் நகம் கடிப்பான். வயது இருபத்தெட்டு, இணுவில் பெடியன். வீடு வீடாகப் போய் முதியோரைப் பார்க்கும் எங்கள் தாதிப் பிள்ளைகள் நாற்பது பேருக்கும் இணையத்தளம் செய்து தந்தவன். கெட்டிக்காரன், சொல்வழி கேளாத கெட்டிக்காரன்.

அதில் ஒவ்வொரு நோயாளிக்கும் பன்னிரண்டு பகுதிகள்: பிரஷர், சீனி, புண், மலம் என்று. பெரும்பாலும் பாதிக்கு மேல் புதிய குறிப்பு இராது. அது நல்ல செய்தி. லோஜனின் நிரலுக்கோ அது விபத்து. குறிப்பு இல்லாத ஒவ்வொரு இடத்திலும் எக்செப்ஷன் என்ற பிழை அலறல் ஒன்றை எறியும். வேலையை நிறுத்தி, வந்த வழி முழுவதையும் திரட்டி எழுதிவைத்து, பிறகு வேறோர் இடத்தில் அதைப் பிடித்து, "இல்லை" என்று காட்டும். நாற்பத்தொரு வருடம் தாதியாக இருந்தேன். காய்ச்சல் இல்லாத கட்டிலுக்கெல்லாம் அவசர மணி அடித்த ஆஸ்பத்திரியை நான் கண்டதில்லை.

"ஒண்டுக்கு ஒரு மில்லிசெக்கன்கூட வராது, மிஸி. இப்பிடி எழுதினாத்தான் வடிவு."

"உதைப் பொம்பிளை பாக்க ஆரும் வருகினமோ?"

சிரிப்பான். மாற்றமாட்டான்.

காலை ஏழு மணிக்கு நாற்பது பேரும் ஒன்றாகத் திறப்பார்கள். பழைய நாள்களுக்கும் சேர்த்து அலறல்கள் இலட்சக்கணக்கில் குவிந்து, பக்கம் அசையாது. வாயால் சொன்ன அளவுக்கு இன்சுலின் ஏற்றக்கூடாது, அந்தப் பக்கத்தில் எழுத்தில் பார்த்தே ஏற்றவேண்டும் என்பது என் சட்டம். போன மாதம் அரியாலை ஞானாம்பிகை அக்கா, பக்கம் திறக்கும்வரை பசி பொறுக்காமல் ஊசிக்கு முன் சாப்பிட்டார். சீனி ஏறி மூன்று நாள் ஆஸ்பத்திரி.

நேற்றுக் காலை லோஜனை அக்கா வீட்டுக்கு இழுத்துப்போனேன். எங்கள் தாதி கோபிகா ஊசியும் கையுமாக நிற்கிறாள். கைபேசியில் வட்டம் சுற்றுகிறது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அக்காவுக்கு முன்னால் புட்டும் சம்பலும்.

"நீர்தானோ தம்பி உதைச் செய்தது?"

"ஓம், அம்மா."

"அப்ப நீரே சொல்லும். நான் புட்டைத் தின்னட்டோ, உந்த வட்டத்தைப் பாத்துக்கொண்டிருக்கட்டோ?"

லோஜன் என்னைப் பார்த்தான். புட்டு ஆறாமல் இன்னொரு தட்டால் மூடினான். அப்படியே நிலத்தில் சப்பணமிட்டு, மடிக்கணினியைத் திறந்து, எக்செப்ஷனை எறியும் முதலாவது வரியை அழித்தான்.