சஹனில் என் பக்கம்

முதலில் அரிப்புத்தான் தொடங்கியது. புண் ஆறி, கட்டு அவிழ்த்து, "தப்பிட்டீங்க" என்று எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, வலது புறங்கையில் தோல் சிவந்து தடித்து எழும்பியது. விரல்கள் பின்பக்கமாக இழுபட்டன. கையைப் பொத்த முடியவில்லை.

கல்முனையில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். ஒருவருடைய வேன் சூடேறிக் கடைவாசலில் நின்றது. அது ஆறுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். கொதிநீரும் ஆவியும் கையில் பாய்ந்தன.

சாமான் ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று பெட்டியைத் தடவியே சொல்லிவிடுவேன். யார் எதை நீட்டினாலும் திருப்பிப் பார்ப்பது அந்தத் தொழில் தந்த குணம். இதை வாசிக்கும் உங்களுக்கும் கை வெந்திருந்தால் சொல்கிறேன், இந்தக் குணம் உதவியும் செய்யும், உபத்திரவமும் செய்யும்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். இளவயதுப் பெண். மிகைத் தழும்பு (காயம் ஆறும்போது தேவைக்கு மேல் தடித்து வளரும் தோல்) என்றார். அது இறுகி மூட்டுகளை அசையவிடாமல் இழுக்கிறது, அதிர்வலைச் சிகிச்சை (வெட்டாமல், கைப்பிடிக் கருவியால் அழுத்த அலைகளைத் தழும்புக்குள் செலுத்துவது) செய்து பார்க்கலாம் என்றார்.

வீட்டில் சொன்னதும் தங்கையின் கணவர் றபீக் சிரித்துவிட்டார்.

"அது கிட்னிக் கல்லு உடைக்கிற மெஷின்தானே? எனக்கு அதாலதான் உடைச்ச. உங்கட கையில என்ன, கல்லா இரிக்கி?"

கல்லை உடைப்பது எலும்பை மட்டும் விட்டுவைக்குமா? அடுத்த முறை போனதும் டொக்டரிடம் இதைத்தான் கேட்டேன்.

"அது வேற மெஷின், இது வேற. இதுல பலம் குறைவு."

"அப்ப கை சுகமாகுமா, டொக்டர்?"

"உறுதியாச் சொல்ல ஏலாது. சிலருக்கு அரிப்பும் இறுக்கமும் குறையுது. சிலருக்குப் பெரிய வித்தியாசமில்ல. நீங்க பயிற்சிய விட்டுராதீங்க, அதுதான் முதல்."

தன் சரக்கின் குறையைத் தானே சொல்லும் வியாபாரியை நான் கண்டதில்லை. அதனால் சந்தேகம் கூடியது. என் கையை வைத்துப் பரீட்சை பார்க்கிறார்களோ என்று நினைத்தேன். போகாமல் இருக்கவும் பயமாக இருந்தது.

தழும்பின்மேல் குளிர்ந்த ஜெல் பூசினார்கள். கருவியை வைத்ததும் டக் டக் என்று யாரோ நகத்தால் சுண்டுவது போலிருந்தது. தழும்பு தடித்த இடங்களில் சுள்ளென்று வலித்தது. நான் கழுத்தை நீட்டி மெஷினின் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

"என்ன தேடுறீங்க?" என்றார் இயன்மருத்துவர் (அசைவுப் பயிற்சியும் இத்தகைய சிகிச்சையும் தருபவர்).

"எங்க செஞ்ச சாமானெண்டு பாக்கிறன்."

"பாருங்க. கைய மட்டும் ஆட்டாதீங்க."

சில கிழமைகளில் அரிப்புக் குறைந்தது. எதனால் என்று சொல்லத் தெரியவில்லை. மெஷின் ஒரு பக்கம், எண்ணெய் போட்டுத் தேய்ப்பது, இறுக்கமான கையுறை, பயிற்சி, மனைவி நஸீரா தொழுது கேட்கும் துஆ எல்லாம் இன்னொரு பக்கம். டொக்டரைக் கேட்டால், "எனக்கும் பிரிச்சுச் சொல்ல ஏலாது" என்றார். இயன்மருத்துவர் விரல் மடங்கும் கோணத்தை அளந்து, கூடியிருக்கிறது என்றார். மருந்து தருபவரே புள்ளியும் போடுவதை எப்படி நம்புவது?

எனக்கு வேண்டியது கோணமும் அல்ல. சஹன்தான். எங்கள் கல்யாண வீடுகளில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்காருவோம். அவரவர் தன் முன்னால் உள்ள பக்கத்தில் வலது கையால் சாப்பிட வேண்டும். கை வெந்த பிறகு என் விரலிடுக்கால் சோறு கொட்டி அடுத்தவர் பக்கத்தில் விழுந்தது. தங்கை மகனின் கல்யாணத்தில் எனக்கு மட்டும் தனித் தட்டும் கரண்டியும் உள்ளறைக்கு வந்தன. வெளியே எல்லோரும் சிரித்துச் சாப்பிடும் சத்தம் கேட்டது. அன்று நான் அழுதேன்.

சிகிச்சை முடிந்து கையில் இறுக்கம் விட்டதுபோல் தெரிந்ததும், ஊருக்குள் ஒரு கல்யாணத்தில் துணிந்து சஹனில் உட்கார்ந்தேன். சுற்றியிருந்த ஐந்து பேரும் தெரிந்தவர்கள். ஒருவர் எலும்பிலிருந்து இறைச்சியைப் பிய்த்து என் முன்னால் வைத்தார். இன்னொருவர் சோற்றை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். எழுந்து ஸலாம் கொடுத்தபோது எல்லோரும் என் விரல் நுனியைத்தான் தொட்டார்கள்.

"எப்பிடி, கை பேசாம இருந்திச்சா?" என்று நஸீரா கேட்டாள்.

"எனக்குத் தெரியா. நான் எங்க தின்ன? அவங்க ஊட்டின."

"சுகமாகிட்டெண்டு எல்லாரும் சொல்றாங்கதானே!"

"அதுதான் எனக்குச் சந்தேகம்."

பிறகு பொத்துவிலில் கடை வாடிக்கையாளர் ஒருவரின் மகளுக்குக் கல்யாணம். அங்கே என்னை அறிந்தவர் அவர் ஒருவர்தான், அவரோ பந்தி பார்ப்பதில் ஓடித் திரிந்தார். சட்டைக் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டு, முன்பின் தெரியாத ஐந்து பேரோடு உட்கார்ந்தேன். பிஸ்மில் சொல்லிக் கை வைத்தேன். பசி. கொஞ்ச நேரத்தில் கையை மறந்துவிட்டேன்.

"காக்கா, உங்கட பக்கத்துல தின்னுங்களன்!" எதிரில் இருந்த தடித்த மனிதர் சொந்த அண்ணனை அதட்டுவதுபோல் நிமிர்ந்து பார்த்தார். "என்ட கோழியயும் சேத்தெல்லா இழுக்கிறீங்க."

பார்த்தால், அவர் பக்கத்துக் கோழித்துண்டு என் விரல்களுக்குள் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் மெதுவாக, "பேசாம உடுங்க, அவர்ர கையப் பாருங்க, வெந்த கை" என்றார்.

அந்த மனிதர் என் கையைப் பார்த்தார். முகத்தில் இரக்கம் துளியும் இல்லை.

"வெந்த கையா? ஆறு பேர்ல அதுதான் வேகமா ஓடுது!"

எல்லோரும் சிரித்தார்கள். மன்னிப்புக் கேட்டுத் துண்டை அவர் பக்கம் வைத்தேன். அவர் அதை எடுத்துத் தின்றுவிட்டு மறுபடி சோற்றில் இறங்கினார்.

இது பழைய கை அல்ல. விடியலில் சுபஹுத் தொழுகைக்கு எழும்பினால் கை என்னோடு எழும்புவதில்லை, வெந்நீர் ஊற்றி விரல்களைத் தளர்த்திய பிறகுதான் மடங்குகிறது. முன்பு எல்லாவற்றையும் அவசரமாகச் செய்தவன், இப்போது கைக்காகக் காத்து நிற்கப் பழகிவிட்டேன். மெஷினை முழுதாக நம்புகிறேனா என்று கேட்டால், இல்லை. எப்போது முழுதாகச் சுகமாகும் என்று டொக்டரைக் கேட்பதையும் விட்டுவிட்டேன்.

பொத்துவில் மனிதரின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். கை வெந்த நாளிலிருந்து என்னிடம் கோபப்பட்ட முதல் ஆள் அவர்தான். அவர் சொன்னதை மட்டும் ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று நான் திருப்பிப் பார்க்கவில்லை.