வாத்துக்கார லட்சுமிக்கு இங்கிலீஷ் பெயர்

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளை ஆளாக்கினேன். இன்று பேத்தி இங்கிலீஷ் புத்தகத்தைச் சத்தம் போட்டுப் படித்தாள்: "மந்தையோட ஊர் ஊரா போனா நோமாட். வேலை தேடிப் போனா ஹோபோ. வேலை செய்யாம சுத்துனா டிராம்ப்."

எனக்கு லட்சுமி ஞாபகம் வந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் அறுப்பு முடிந்ததும் வாத்து மேய்க்க வரும் கூட்டத்துப் பெண், அப்போது என்னைப் போலச் சிறுமிதான். சேறு காய்ந்த காலோடு வரப்பில் நின்று, "நெல்லூர்லேந்து நடந்தே வந்தேன். வழியில கடல் பாத்தேன். நீ பாத்திருக்கியா?" என்பாள். எனக்கு வயிறு எரியும்.

"நானும் அவகூட போறேம்மா" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அதுங்க ஊர் சுத்திக்கினு கெடக்குதுங்க. நீ கதிரப் பொறுக்குடி."

பொறுக்கினேன்.

இதைச் சொன்னதும், "லட்சுமி நோமாட், ஆயா" என்றாள் பேத்தி. பார், அவளுக்கு இங்கிலீஷில்கூடப் பெயர்!

"ஒரே ஊர்ல கெடந்தவளுக்கு இன்னா பேரு?"

புத்தகத்தைப் புரட்டினாள். "அப்படி ஒண்ணும் இல்ல, ஆயா."

"இல்லாட்டி போவுது. லட்சுமியப் பத்தி நான் நோட்டுல எழுதினத படிச்சிக் காட்டு. அவ பேரை மட்டும் மெதுவா படி."