கிணற்றுக்குள் போன கேன்வாஸ் ஜோடு

ஆசியப் போட்டியில் நம் நாட்டுக் கூடைப்பந்து அணி ஆடுகிறது என்று ரேடியோவில் வந்தால், நான் எழுந்துபோய் அதை அணைத்துவிடுவேன். இந்த வயதில் இப்படி ஒரு கிறுக்கா என்று வீட்டில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எட்டு வயதில் பிடித்த பயம், இன்னும் விட்டபாடில்லை.

அப்போது சண்டைக் காலம். அதியமான்கோட்டையில் சேலம் ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. அப்பாவின் தம்பி, அதாவது என் சித்தப்பா, தருமபுரியில் பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பு படித்துக்கொண்டிருந்தார். வாசல் நிலையில் தலை இடிக்காமல் அவர் உள்ளே வந்த நாள் கிடையாது. அந்த உயரத்தைப் பார்த்துத்தான் டிரில் வாத்தியார் அவரைக் கூடைப்பந்தில் சேர்த்தார். வீட்டிலாவது சும்மா இருப்பாரா? களத்தோரப் புளியமரத்தில் பீப்பாய் வளையத்தை ஆணியடித்து மாட்டி, பழந்துணியைச் சுருட்டிப் பந்தாக்கி எறிந்துகொண்டே இருப்பார். பொறுக்கிக் கொடுப்பது நான்.

"சண்டை முடியட்டும் கண்ணு. ஆசியாவுல இருக்கிற தேசமெல்லாம் கூடி ஆடுவாங்களாம். நம்ம தேசத்து டீமுல நானும் போவேன் பாரு" என்பார். ஆசியா சேலத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன்.

அதற்கு முந்தின வருஷம் எதிர்வீட்டு அண்ணனுக்கு நடந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். சந்தைக்கு வந்த பட்டாளத்து ஆட்கள் அவரை நிற்கவைத்து உயரம் அளந்தார்கள், மார்பு அளந்தார்கள், ஒரு ஜோடி பூட்ஸைக் கொடுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வருஷம் திரும்புவதற்குள் பர்மாவிலிருந்து தந்தி வந்தது. அவருடைய அம்மா தெருப்புழுதியில் புரண்டு அழுததைப் பார்த்தபிறகு எனக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை.

ஒரு சாயங்காலம் டிரில் வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். சித்தப்பாவைச் சுவரோரம் நிறுத்தி, அளவு நாடாவால் உயரம் அளந்தார். கை நீளம் அளந்தார். பையிலிருந்து பள்ளிக்கூடத்துக் கேன்வாஸ் ஜோடுகளை எடுத்துக் கொடுத்தார்.

"நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுல வாரோம், ரோட்டுல நில்லு. சேலத்துல பாத்து ஆள் எடுப்பாங்க. எடுத்துட்டா அப்புறம் மெட்ராஸ்தான்" என்றார்.

அளந்தாயிற்று. ஜோடும் கொடுத்தாயிற்று. எதிர்வீட்டு அண்ணனுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது. அப்பாவிடம் சொல்லலாம் என்றால், அவர் பல்லெல்லாம் தெரிய வாத்தியாருக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரியவர்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்தபடி ராத்திரி முழுக்க அந்த ஜோட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் காலையில் சித்தப்பா குளித்துக்கொண்டிருந்தபோது ஒரு கால் ஜோட்டைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடினேன். மிதந்துவிடக் கூடாதே என்று உள்ளே கல்லைத் திணித்து, ஜோட்டுக் கயிற்றை இறுக்கி முடிந்து, கண்ணை மூடிக்கொண்டு போட்டேன்.

வீட்டையே புரட்டித் தேடினார்கள். சித்தப்பா என் முன்னால் குந்தி, "நீ எங்கயாச்சும் பாத்தியா கண்ணு?" என்றார்.

"இல்லீங்க சித்தப்பா."

பஸ் ஹாரன் கேட்டது. ஒற்றை ஜோட்டைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு ரோட்டுக்கு ஓடினார். பஸ்ஸில் இருந்த வாத்தியார், "ஜோடு இல்லாம அங்க ஆட எறக்க மாட்டாங்கடா. பள்ளிக்கூடத்துப் பொருளக் காப்பாத்தத் தெரியல, நீ என்னத்த ஆடப்போற?" என்று கத்திவிட்டு, அவரை ஏற்றாமலே போய்விட்டார். சித்தப்பா ரோட்டிலேயே நின்றார். எனக்கோ போன உயிர் திரும்பி வந்தது.

மூன்றாம் நாள், சேலம் போன பையன்கள் எல்லோரும் பஸ்ஸிலிருந்து கும்மாளமாக எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். மெட்ராஸுக்கு எடுக்கப்பட்டவன் மாம்பழம் தின்றுகொண்டிருந்தான். ஒருவன்கூடக் குறையவில்லை. அப்போது பிடித்தது அடுத்த பயம். உண்மை தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்கள். மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும்போதெல்லாம் சாலோடு அந்த ஜோடும் மேலே வந்துவிடும் என்று பதறினேன். சித்தப்பா புளியமரத்துப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் அவர் துணிப்பையோடு கிளம்பி நின்றார். முகம் பழையபடி தெளிந்திருந்தது.

"எங்கீங்க சித்தப்பா?"

"பந்து ஆட எடுத்திருக்காங்க கண்ணு. பெரிய டீமு. ஜோடு அவங்களே குடுப்பாங்களாம்."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பந்து ஆடப் போனவர்கள் பத்திரமாகத் திரும்பி வருவார்கள் என்பதைத்தான் பார்த்துவிட்டேனே. பையைப் பிடுங்கிச் சுமந்துகொண்டு ரோடு வரைக்கும் முன்னால் ஓடினேன். பஸ் மறையும்வரை கையசைத்தேன். திரும்பிப் பார்த்தால் அப்பா தலை குனிந்து நின்றிருந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். ஆசியா வரைக்கும் ஆடப் போகிறவரை அனுப்பிவிட்டு இவர்கள் ஏன் இப்படி நிற்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பட்டாளத்திலும் கூடைப்பந்து டீம் உண்டு என்பது, எங்கள் வாசலுக்கும் பர்மாவிலிருந்து தந்தி வந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.