துண்டுத்துணிப் போர்வையின் நடுக்கட்டம்

மதிப்பிற்குரிய ஐயா, வாசிப்பவர் பெண்மணியாயின் அம்மா, வணக்கம்.

சென்ற வாரம் கும்பகோணத்தில் டவுன் பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது, எதிரேயிருந்த குளிர்சாதன வசதியுள்ள துணிக்கடையின் கண்ணாடிக்குள் ஒரு போர்வையைக் கண்டேன். பல நிறத் துணிகளைச் சதுரம் சதுரமாக இணைத்துத் தைத்திருந்தார்கள். கண்ணாடியில் மூக்கு பதிய நின்று நோக்கினேன். கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள்.

"என்ன சார் வேணும்? உள்ள வந்து பாருங்க."

"ஒண்ணும் வேணாம்மா. மூலைக்கு மூலை சரியா கூடியிருக்கான்னு பார்த்தேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அதற்குள் என் பஸ் போய்விட்டது. ஆனால் அவள் திறந்த கதவின் வழியே புதுத்துணியின் கஞ்சி வாடை வந்ததே, அது என்னை வேறொரு வாகனமாக ஏற்றிக்கொண்டு நேரே திருக்காட்டுப்பள்ளியில் இறக்கிவிட்டது.

அங்கேதான், மணமான புதிதில், நான் தையற்கடை வைத்தேன். ஒரு தையல் இயந்திரம், ஒரு வெட்டுப்பலகை, கரி போட்டு விசிறும் இஸ்திரிப் பெட்டி ஒன்று, இவையே சொத்து. அந்தப் பெட்டி உமிழும் பொறியால் துளைபடாத வேட்டி என்னிடம் ஒன்றுகூட இருந்ததில்லை. ஊரார் உடையைத் தைப்பவன் சல்லடை உடுத்தி நிற்பதை என் மனைவி தனலட்சுமி நயமாகச் சுட்டிக்காட்டுவாள். துணியை அளந்து வெட்டப் பழகியவனுக்குச் சொல்லை அளந்து வெட்ட வருவதில்லை, பொறுத்தருள்க. போர்வைக்கு வருகிறேன்.

கடைக்குப் பெயர்ப்பலகை எழுத வேண்டும் என்றேன். தனலட்சுமி சிரித்தாள்.

"என்னத்த எழுதுவீங்க? தைக்கத் தெரியும்னா? தைச்சதக் காட்டுங்க, வருவாங்க."

வெட்டுப்பலகையின் கீழே சாக்கு நிறையத் துண்டுத்துணிகள் கிடந்தன. உள்ளங்கையகலமே உள்ள துண்டுகள். தைக்கக் கொடுத்தவர்களிடம் திருப்பிக் கொடுத்தால், "இத வச்சு நான் என்ன பண்றது, போட்டுடுங்க" என்று விட்டுச்சென்றவை. அவள் அவற்றைச் சதுரங்களாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு வேலைப்பாட்டைத் தைத்தாள். ஒன்றில் காஜாவும் பித்தானும், ஒன்றில் சுருக்கு, ஒன்றில் ஓரத்துக்கு வைக்கும் பைப்பிங், ஒன்றில் கொசுவம் போன்ற மெல்லிய மடிப்பு. என் பழைய வேட்டியே அடித்துணியாயிற்று, துளைகள் மறைந்தன. நிறங்களையும் அவளே அடுக்கினாள். கண்ணைப் பறித்த கனகாம்பர நிறத்தை நட்டநடுவிலும், அடக்கமான நிறங்களை ஓரங்களிலும் வைத்தாள். ஐப்பசி பிறந்து மழை விட்ட ஒரு காலையில், கடை வாசற்கம்பில் அதை விரித்துத் தொங்கவிட்டோம். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது.

வீதியே கூடியது. ஆனால் ஒருவரும் வேலைப்பாட்டைப் பார்க்கவில்லை, ஐயா. துணியைப் பார்த்தார்கள்.

"அடியே, இது என் மஞ்சப்புள்ளி ஜாக்கெட்டுல்ல!"

"அந்தப் பச்சை எம்மவ வளைகாப்புக்கு எடுத்தது!"

எதிர்வாசல் பூக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ஏன் டெய்லரே, ஜாக்கெட்டுக்கு முழங்கை வரைக்கும் கை வைக்கத் துணி பத்தலன்னீங்களே? பத்தாத துணிதான் இங்க தொங்குதா?"

தையற்காரன் துணி அடிப்பான் என்பது உலகம் முழுதும் ஐயந்திரிபற நம்பும் செய்தி. அதற்கு நாங்களே வாசலில் சாட்சியைத் தொங்கவிட்டிருந்தோம்.

அவ்வேளையில், நடவு முடித்துக் கெண்டைக்கால் சேறோடு அஞ்சலை தன் கூட்டத்துடன் வந்தாள். கனகாம்பர நிற ரவிக்கை அவளுடையது.

"பாத்தீங்களாடி! நட்டநடுவுல யாரு? நான்தாண்டி!"

அந்த ஒரு சொல்லில் களவுப் புகார் காணாமற்போயிற்று. "அவ நடுவுல, நாங்க ஓரத்துலயா?" என்று வேறொரு புகார் எழுந்தது. தேர் வடத்துக்கும் பரிவட்டத்துக்கும் யார் முதல் என்று தலைமுறையாக வழக்காடும் சீமை எங்களுடையது. அதை மறந்து, நிறப்பொருத்தம் பார்த்துத் துணி அடுக்கியதே எங்கள் பிழை.

மாலையில் பெரிய வீட்டம்மாவின் கார் வந்து நின்றது. மிராசுக் குடும்பம். ஆண்டுதோறும் தீபாவளிக்குத் தம் பண்ணையாட்கள் அனைவருக்கும் ஒரே துணிக்கட்டிலிருந்து சட்டையும் ரவிக்கையும் தைத்துக் கொடுப்பது அவ்வீட்டு வழக்கம். அவ்வாண்டு அந்த வேலை எனக்கென்று சொல்லியிருந்தார்கள். அது கைநழுவினால் கடையைப் பூட்டிவிட்டு மாமனார் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். மாமனாரும் அதையே எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுத் துணி எது தம்பி?"

"பாக்குக் கலருங்கம்மா. அந்த மூலையில…"

"மூலையிலயா? நடுவுல யாருது?"

வேடிக்கை பார்க்க நின்ற அஞ்சலை, "என்னுதுங்கம்மா" என்றாள், சிறிதும் தயங்காமல்.

அம்மா காரை நோக்கித் திரும்பினார். "தீபாவளித் துணிய நாளைக்கு அனுப்பலாம்னு இருந்தேன். யோசிச்சுச் சொல்றேன்."

நான் தனலட்சுமியின் காதில், "நடுவப் பிரிச்சு மாத்திடுடி" என்று கெஞ்சினேன்.

"பிரிச்சா அஞ்சலை மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? சும்மா இருங்க."

அவள் முக்காலியில் ஏறினாள். போர்வையைக் கம்பிலிருந்து அவிழ்த்து, பாக்குநிற மூலையை மட்டும் ஆணியில் மாட்டினாள். சதுரமாய்த் தொங்கியது இப்போது ஒரு மூலை உச்சியாக, மற்றொரு மூலை தரையை நோக்கத் தொங்கியது.

"இப்பப் பாருங்கம்மா. எல்லாத்துக்கும் மேல நீங்கதான்."

பெரிய வீட்டம்மா தலையைச் சாய்த்து ஒருமுறை, நிமிர்த்தி ஒருமுறை பார்த்தார். "இத முன்னாடியே செஞ்சிருக்கலாமில்ல? காலையில ஆள் வருவான். அளவு சரியா எடுங்க தம்பி."

கார் நகர்ந்ததும் அஞ்சலை கைகொட்டினாள். "எப்படித் திருப்பினாலும் நான் அங்கனயேதான் இருக்கேன்!"

"அடியில தொங்குறது யாரு?" என்று கேட்டார் பூக்காரம்மா.

"எங்க வீட்டுக்காரரு கல்யாணச் சட்டை" என்றாள் தனலட்சுமி.

"அதான் அடக்கமா இருக்கு."

அதன்பின் துண்டுக்காகச் சண்டைக்கு வந்தவர்களே, "இதையும் எங்கயாவது சேத்துடு தனம்" என்று துணி கொண்டுவந்தார்கள். மூலைவாட்டில் தொங்கும் துணி இழுபடும் என்பது தொழிலறிந்த எவருக்கும் தெரியும். எடை ஏற ஏற உச்சிச் சதுரமே முதலில் கிழிந்தது.

"எங்க துணி மட்டும் ஏன் இப்படிக் கிழியுது?" என்றார் பெரிய வீட்டம்மா.

"இத்தன பேரு உங்களப் புடிச்சுத்தானம்மா தொங்குறாங்க" என்றாள் தனலட்சுமி, முகத்தில் ஒரு சுருக்கமின்றி. மறுநாளே புதுப் பாக்குநிறத் துணி வந்தது. என் கல்யாணச் சட்டைக்குக் கடைசிவரை ஒரு கிழிசலும் இல்லை.

போர்வை பிறகு எங்கள் மகளின் பிரசவத்துக்குப் போய், இஸ்திரி மேசைக்கு விரிப்பாகி, கரிப்பொறி பட்டு இற்றுப்போனது. பெரிய வீட்டுப் பிள்ளைகள் கடல்கடந்து வாழ்கிறார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. அஞ்சலையின் பேத்தி தஞ்சாவூரில் நர்ஸாக இருக்கிறாள். எல்லோரையும்போல் ஆயத்த ஆடை அணிகிறாள், நன்றாகவே பொருந்துகிறது. போர்வை போனதில் எனக்குப் பெருவருத்தமில்லை. உள்ளங்கையகலத் துணியைப் பார்த்ததும் இன்னாருடையது, இன்ன விசேஷத்துக்கு எடுத்தது என்று சொன்ன கண்கள் போயின, அதுதான் வருத்தம். இன்று அப்படியொன்றை அதே வீதியில் தொங்கவிட்டால் அழகென்பார்கள், கைப்பேசியில் படமெடுப்பார்கள். இது என் துணி என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்க ஒருவரும் வர மாட்டார்கள்.

துண்டுதான் என்றாலும், இந்தக் கடிதத்தைத் தாங்கள் படித்தபின் எறிந்துவிடாமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.