களத்தின் அந்தக் கோடி

புழுங்கலரிசி கொதிக்கும் வாசனை வந்தாலே, இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட குத்தாலத்து அரிசி ஆலைக் களம் எனக்குள் மறுபடி சுடத் தொடங்கிவிடும். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அக்கா, அவித்துக் கொட்டிய நெல்லைச் சரசரவென்று காலால் கிளறியபடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள். என்னை நெல்லில் இறங்கவிடாமல் நிழலில் உட்காரவைத்து, "சத்தமா படிடி, எனக்கும் கேக்கட்டும்" என்பாள். அந்தக் கோடிக்கு என் குரல் எட்டாதென்று தெரிந்தும், அவள் திரும்பும்வரை காத்திராமல் நான் மேலே படித்துக்கொண்டே போய்விடுவேன்.

இன்று ஊரிலிருந்து வந்திருக்கும் அக்காவுக்கு என் மகள் பாடம் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கஞ்சி வடிக்க அக்கா அடுக்களைக்குப் போனதும் நிறுத்திவிட்டாள்.

"ஏன்டி, படியேன்" என்றேன்.

"பெரியம்மா வரட்டும்மா. அவங்களுக்குக் கேக்காதுல்ல."