பெட்ஷீட்டுக்கு அந்தப் பக்கம்

போன வருடம், வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் மொட்டைமாடியில் நடந்தது இது.

என் கணவருக்கு ரிமோட்டில் பறக்கும் மொடல் பிளேன் கட்டுவதில் பைத்தியம். ஐம்பது வயது தாண்டிய மனுஷன், சாப்பாட்டு மேசையில் புரொப்பெல்லரை மெல்லிய கம்பியில் கோத்து, அதன் எந்த இறக்கை கீழே சாய்கிறது என்று மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார். பாரம் கூடின பக்கத்தைச் சாண்ட்பேப்பரால் தேய்ப்பார்; குறைந்த பக்கத்துக்கு என் நெயில் பொலிஷைப் பூசுவார். அந்தப் பொலிஷை நான் பூசியதை விடப் புரொப்பெல்லர்கள் பூசிக்கொண்டதுதான் அதிகம்.

அந்த முறை கையில் இருந்தது, பிளேன் இறங்கும்போது தரையில் அடிபட்டு நுனி சிதைந்த புரொப்பெல்லர். இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தேய்த்து, கம்பியில் ஆடாமல் அசையாமல் நிற்க வைத்துக் காட்டினார். "பாத்தீரே? புதுசே தோத்துப்போகும்" என்று பெருமை வேறு.

அன்று பின்னேரம் அதை மாட்டிய எஞ்சினைப் பிளேனின் மூக்கில் பூட்டி, மாடியில் பழைய மேசையொன்றில் வைத்து, வாலைத் தண்ணீர்த் தாங்கித் தூணோடு கட்டி ஓட்டிப் பார்த்தார். சுற்றுகிற புரொப்பெல்லருக்கு நேர் பக்கத்தில் நிற்கவே கூடாது, பின்னுக்குத்தான் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறார். நானோ காய்ந்த உடுப்புகளை எடுக்கிற அவசரத்தில், சரியாக அந்த நேரிலேயே, கொடியில் தொங்கிய பெட்ஷீட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். ஒரு கிளிப் கைதவறி விழுந்தது. சனியன் என்று குனிந்தேன்.

எஞ்சின் உச்சத்தில் வீரிட்டது. படாரென்று ஒரு சத்தம். என் தலைக்கு மேலே பெட்ஷீட் கிழிந்தது. பின்னால் மதிலில் ஏதோ மோதிச் சீமெந்து தெறித்தது. மேசை கடகடவென்று உதறுவது கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

"இஞ்சருங்கோ!" என்றேன். பதில் இல்லை. "இஞ்சருங்கோ, என்னப்பா நடந்தது?" அதற்கும் இல்லை.

இவ்வளவு தூரத்தில் நின்ற எனக்கே இப்படியென்றால், எஞ்சினுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு என்ன கதி? பெட்ஷீட்டின் ஓரத்தைப் பிடித்தேன். இழுக்கக் கை வரவில்லை. ஐயோ முருகா, என்னத்தைப் பார்க்கப்போகிறேனோ! விலக்காத வரைக்கும் அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று ஒரு முட்டாள் நினைப்பு.

அப்போது பெட்ஷீட்டுக்குக் கீழே அவருடைய செருப்புக் கால்கள் வந்து நின்றன. அதற்கு மேல் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுவையாக இழுத்தேன்.

முகம் வெளிறிப்போய் நின்றார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. எண்ணெய்க் கையால் என் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். வெயிலில் என் நிழல் பெட்ஷீட்டில் விழுந்திருக்கிறது. அதைக் கண்டு, என்னைத் தள்ளிப் போகச் சொல்ல வாயெடுத்த நேரம்தான் புரொப்பெல்லரின் ஒரு இறக்கை உடைந்து பறந்திருக்கிறது. அது துணிக்குள் போனதும் நிழல் கீழே விழுந்ததும் ஒன்றாக நடந்ததைப் பார்த்திருக்கிறார்.

"நீர் கூப்பிட்டது கேட்டது," என்றார். "ஆனா, பிரமை எண்டு நினைச்சன். விலக்கிப் பாக்கப் பயமா இருந்தது."

"உங்கட பிளேனும் மண்ணாங்கட்டியும்!" என்று நெஞ்சில் குத்தினேன். பிறகு இரண்டு பேரும் அங்கேயே குந்தியிருந்து அழுதோம்.

தேய்த்த இடத்துக்கு அடியில் ஒரு வெடிப்பு இருந்திருக்கிறது. மிச்சமிருந்த இறக்கை தனியாகச் சுற்றி, எஞ்சினை ஆணியோடு பிடுங்கிப் போட்டிருந்தது. கம்பியில் நேராக நின்றதை மட்டும் பார்த்து, உறுதியாகவும் இருக்கும் என்று மனுஷன் நம்பிவிட்டார். இப்போதும் பிளேன் கட்டுகிறார். ஆனால் நுனியில் சின்னக் கீறல் கண்டாலே புரொப்பெல்லரை முறித்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்.

எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. அவர் அடுத்த அறையில் சத்தமில்லாமல் இருந்தால், ஒரு காரியமும் இல்லாமல் கூப்பிடுவேன். "ஓம், இருக்கிறன்" என்று உடனே குரல் வரும். ஏன் கூப்பிட்டீர் என்று அவர் ஒருநாளும் கேட்பதில்லை. அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் என் கை அடுத்த வேலைக்குப் போகிறது.