பாட்டரிக்குச் சுற்றிய ஜரிகை

ஜரிகையால் தீராத குறை உலகத்தில் இல்லை என்பது எங்கள் அப்பாவின் எண்ணம். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யக் கொடுத்து வாங்குகிறவர். அந்த நம்பிக்கையைத் தொழிலோடு நிறுத்தியிருக்கலாம். பழைய கார் ஒன்று வாங்கினார். அதில் பாட்டரி டெர்மினலின் கிளாம்ப் லொடலொடத்தது. அறுந்த ஜரிகை இழைகளைத் திரித்து டெர்மினலில் சுற்றி, மேலே கிளாம்பை இறுக்கினார்.

"வெள்ளிம்மா இது. வெள்ளிய விட கரண்ட்ட எது நல்லா கடத்தும்?"

நான் அப்போது கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். வெள்ளிக்குள்ளே இருப்பது பட்டு நூல், அது ஆசிடைக் குடிக்கும் என்றேன். சும்மா இருப்பவள் சொல் எந்த அம்பலத்தில் ஏறும்?

செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் வேலைக்கு இண்டர்வியூ வந்தது. "கார்ல நானே இட்டுக்கினு போறேன். இல்லன்னா வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார் அப்பா. வேலை கிடைக்காவிட்டால் தையில் எனக்குக் கல்யாணம் என்று பேச்சு. மாப்பிள்ளையை நான் பார்த்திருந்தேன். அதனால் அந்த வேலை எனக்கு உயிராக இருந்தது.

அன்று காலை சாவியைத் திருப்பினால் 'டக்' என்றது, அவ்வளவுதான். பானட்டைத் தூக்கினோம். பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்து மூடி, கிளாம்பே தெரியவில்லை.

"ஜரிகை நல்லாதான் இருக்குது. பாட்டரிதான் சரியில்ல" என்றார்.

வந்த ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இண்டர்வியூ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளாம்பைக் கழற்றினேன். பாட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, கச்சாப் பட்டு அவிக்க வைத்திருந்த சோடா உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றினேன். நுரை பொங்கி அடங்கியது. அப்பா குனிந்து ஜரிகையைத் தேடினார். சேறுதான் வந்தது. டெர்மினலைத் தேய்த்துத் துடைத்து, பால்பவுடர் டப்பாவில் ஒரு துண்டுத் தகரம் வெட்டிச் சுற்றி, கிளாம்பை முடுக்கினேன். கார் கிளம்பியது.

வழியில் எங்கேயும் அப்பா வண்டியை நிறுத்தவில்லை. பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தியவர் என்ஜினை அணைக்கவில்லை.

"தகரத்த நம்பி அணைக்க மாட்டேன். நீ போய்ட்டு வா."

நான் உள்ளே பதில் சொன்ன நேரமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே அந்த உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. தாளாளர் எழுந்துபோய் எட்டிப் பார்த்தார். எங்கள் வண்டி என்று நான் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது அப்பா இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்கப்பா."

அவர் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார்.

"சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றார். "இன்னொரு தபா சொல்லும்மா."